சிறிய டிஜிட்டல் கேமரா: வணிகர்கள் அறிய வேண்டியவை

கேமரா என்றால் கல்யாண வீட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் உரிய பொருள் என்று நம்மில் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். செல்போன் வந்த பிறகு எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஆயினும் எடுத்த படத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி மங்கல், பாதி ஆட்டம். சர்க்கரை சாம்பல் நிறமாகத் தெரிகிறது. மிளகாய் வற்றல் பழுப்பாகத் தெரிகிறது. குறை கருவியில் என்று சொல்லி அதைவிட விலை கூடிய கருவியைத் தேடுகிறோம். விலை குறைந்த சிறிய டிஜிட்டல் கேமராவைக் கொண்டே நல்ல படம் எடுக்கலாம். அதன் குணம் அறிந்து கையாள வேண்டும், அவ்வளவுதான். அந்த விவரங்களை நம் வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

செல்போன் இருக்கத் தனிக் கேமரா எதற்கு?

இது நியாயமான கேள்வி. இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும் இன்றைய நல்ல செல்போன் சிறிய கேமராவை வென்றுவிடும். பல படங்களை ஒரே நொடியில் எடுத்து, ஒன்றாக்கிக் கொடுக்கும் கணக்கு வேலை அதனுள் நடக்கிறது. சிறிய கேமராவில் அது பெரும்பாலும் இல்லை.

ஆனால் கடைக்காரருக்கு வேறு கணக்கு உண்டு. நம் செல்போனில் இன்று வங்கிக் கணக்கு இருக்கிறது, பணம் அனுப்பும் செயலி இருக்கிறது, பார்ட்டிகளின் நம்பர் எல்லாம் இருக்கிறது. லாரியில் வந்த சரக்கைப் படம் எடுத்து வா என்று அதைக் கடைப் பையனிடம் கொடுத்து அனுப்புவது கல்லாச் சாவியைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம். கேமராவில் படம் தவிர வேறொன்றும் கிடையாது. கல்லா மேஜையில் வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மேலும், லென்ஸே நகர்ந்து தூரத்தை அருகில் கொண்டுவரும் உண்மையான ஜூம், விரலுக்கு வாகான பொத்தான், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஆகியவை சிறிய கேமராவின் தனி வசதிகள். பொழுதுபோக்காகப் படம் எடுக்கப் பழகுவோருக்கு இவை பெரிதும் துணை செய்யும்.

வந்த வரலாறு

1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். எடை 3½ கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது. படத்தில் இருந்தவை மொத்தம் 10,000 புள்ளிகள்தான். 1995-இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் பின்புறம் சிறு திரை வைத்த க்யூ.வி.-10 என்ற கேமராவைப் பொதுமக்களுக்கு விற்றது. எடுத்த படத்தை அப்போதே பார்க்கலாம் என்ற வசதி அதன் பிறகுதான் பரவலாயிற்று.

2010-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பங்கு இந்தச் சிறிய கேமராக்களே. செல்போன் அந்தச் சந்தையை விழுங்கியது. 2023-இல் எல்லா வகையும் சேர்ந்து 80 லட்சத்தைத் தொடவில்லை. முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்த கோடக் நிறுவனமே, பிலிம் வியாபாரம் சரிந்ததால், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. நம் போன்ற வணிகர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

இன்று கோடக் பெயரில் வரும் சிறிய கேமராக்களை, அப்பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்ற ஜே.கே. இமேஜிங் என்ற வேறொரு நிறுவனம் விற்பனை செய்கிறது. பெயரைப் பார்த்து மட்டும் வாங்காமல், உள்ளிருக்கும் சரக்கைப் பார்த்து வாங்குவது நமக்குப் பழகிய காரியம்தானே.

மெகாபிக்சல் என்னும் எண்

கேமரா விற்பவர் முதலில் சொல்வது மெகாபிக்சல். ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளி. எண் கூடினால் படம் தரமாகும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2007-இல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ 570 ஐ.எஸ். என்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். எங்கள் மண்டியில் இன்றும் வேலை செய்வது இதுவே. இதன் அளவு 7.1 மெகாபிக்சல். படத்தின் நீளத்தில் 3,072 புள்ளி, அகலத்தில் 2,304 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 10 அங்குல நீளம், 7½ அங்குல அகலத்துக்குக் குறையில்லாத படம் கிடைக்கும். ஆல்பத்தில் ஒட்டும் 6-க்கு 4 அங்குலப் படத்துக்கு 22 லட்சம் புள்ளியே போதும். செல்போனில் அனுப்புவதற்கு அதிலும் குறைவே தேவை.

படத்தை வாங்கும் சென்சார் என்ற சில்லின் பரப்புதான் முக்கியம். மேற்சொன்ன கேமராவில் அது ஏறத்தாழ ஒரு துவரம் பருப்பு அளவுதான்: சுமார் 6 மில்லி மீட்டர் நீளம், 4 மில்லி மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம். பழைய பிலிமின் ஒரு படச்சட்டம் பரப்பில் இதைப்போல் சுமார் 35 மடங்கு. இன்று 16, 20 மெகாபிக்சல் என்று விற்கும் மலிவுக் கேமராக்களிலும் சென்சார் அளவு ஏறக்குறைய இதேதான். ஒரே மூட்டையை 7 பொட்டலமாகக் கட்டினாலும் 20 பொட்டலமாகக் கட்டினாலும் உள்ளிருக்கும் எடை ஒன்றே. பொட்டலம் கூடக் கூட ஒவ்வொன்றிலும் இருப்பது குறையும். அதுபோல் புள்ளி கூடினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. புதிய சென்சார்கள் ஒளியை வாங்குவதில் முன்னேறியிருப்பது உண்மை. இருந்தாலும் அளவின் எல்லையை முழுவதும் தாண்ட முடியாது.

ஆகவே சிறிய கேமராவுக்கு வேண்டியது ஒளி. இக்கட்டுரையில் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து பிறப்பதே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மலிவு விலையில் புதிய கேமரா இப்போது சில மாடல்களே கிடைக்கின்றன. பழைய கேமராக்கள் நிறைய உண்டு. ஆனால் அண்மைக் காலமாக இளைஞர்களிடையே பழைய சிறிய கேமரா ஒரு நாகரிகமாகிவிட்டதால் அவற்றின் விலையும் ஏறியிருக்கிறது. உறவினர் வீட்டு அலமாரியில் சும்மா கிடப்பதை முதலில் விசாரிப்பது நல்லது. பழையதை வாங்குவதானால் மாதிரி பார்ப்பது போல் பார்த்து வாங்க வேண்டும்.

1. பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் செல் கசிந்திருக்கிறது என்று பொருள்.

2. கேமராவை இயக்கியதும் லென்ஸ் தடங்கலின்றி, கரகர ஓசையின்றி வெளியே வர வேண்டும்.

3. வெள்ளைச் சுவரை ஜூம் செய்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசியோ பூஞ்சையோ இருக்கிறது.

4. மெமரி கார்டு எந்த வகை என்று கேளுங்கள். எஸ்.டி. கார்டு எங்கும் கிடைக்கும். எக்ஸ்.டி. கார்டு போடும் பழைய கேமராக்களுக்கு இப்போது கார்டு தேடி அலைய வேண்டும். எஸ்.டி.யிலும் மிகப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. அதற்குப் பின் வந்தவை 32 ஜி.பி. வரை ஏற்கும்.

5. பென்சில் செல் போடும் கேமரா என்றால் பேட்டரிக் கவலை இல்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரணச் செல் சில படங்களிலேயே ஓய்ந்துவிடும். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டு ஜோடி வாங்கிவிட்டால் பல ஆண்டு ஓடும். தனி லித்தியம் பேட்டரி உள்ள மாடல் என்றால் பேட்டரியும் சார்ஜரும் இன்னும் கடையில் கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஜூமில் ஆப்டிகல், டிஜிட்டல் என இரண்டு உண்டு. முதலாவது லென்ஸ் நகர்ந்து உருவத்தைப் பெரிதாக்குவது. இரண்டாவது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதனால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. டிஜிட்டல் ஜூமை அமைப்பில் நிறுத்திவிடுவது நலம்.

பிடிக்கும் முறை

புதிதாகப் பழகுவோர் முதலில் கற்க வேண்டியது பொத்தானை இரண்டு கட்டமாக அழுத்துவது. பாதி அழுத்தினால் கேமரா தூரத்தையும் ஒளியையும் கணித்துக்கொள்ளும். திரையில் பச்சைக் கட்டம் தோன்றும் அல்லது சிறு ஓசை கேட்கும். அதன் பிறகே முழுவதும் அழுத்த வேண்டும். ஒரே மூச்சில் அழுத்துவதால்தான் பாதிப் படம் தெளிவின்றிப் போகிறது.

இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கதவு நிலையிலோ தூணிலோ சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது. கடைக்குள் மங்கிய வெளிச்சத்தில் எடுக்கும்போது ஒரு கிலோ அரிசிப் பையை மூட்டைமீது வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவையுங்கள். ஆடாது, சரியாது. பின்னர் சுயமாக இயங்கும் டைமரை 2 வினாடிக்கு வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். முக்காலி வாங்கும் செலவு மிச்சம்.

ஒளியைக் கையாளுதல்

நடுப்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் டியூப் லைட் போட்ட கடையின் உள்ளே நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இராது. நம் கண் தானாகப் பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. கேமராவுக்குத் தெரியும். வெளிச்சம் போதாதபோது அது ஐ.எஸ்.ஓ. என்ற உணர்திறனைக் கூட்டும். படத்தில் மணல் தூவியது போல் புள்ளி விழும். முடிந்தவரை 80 அல்லது 100-லேயே வைத்து, கேமராவை அசையாமல் நிறுத்தி எடுப்பது சிறந்தது. அசையும் ஆட்களை எடுக்கும்போது மட்டும் 400 வரை கூட்டலாம்.

பிளாஷ் பற்றி ஒரு வார்த்தை. சிறிய கேமராவின் பிளாஷ் 3 மீட்டர், 4 மீட்டர் வரைதான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஆகவே கோயில் தேர்த் திருவிழாவை இரவில் தெருமுனையிலிருந்து பிளாஷ் போட்டு எடுத்தால், முன்னால் நிற்பவரின் தலை வெளுத்துத் தெரியும், தேர் இருளில் மறையும். பிளாஷ் உண்மையில் உதவுவது பகலில்தான். வாசலில் நிற்பவருக்குப் பின்னால் வெயில் அடித்து முகம் கறுத்துத் தெரியும்போது பிளாஷ் போட்டு எடுங்கள், முகம் தெளியும்.

கடைக்குள் எடுப்பதற்கு மிகச் சிறந்த இடம் வாசலுக்கு உட்புறம் நாலடி தூரம். வெயில் நேரே விழாத, ஆனால் வெளியொளி பக்கவாட்டில் வரும் இடம் அது. கடையின் பெயர்ப் பலகையை எடுக்க, கிழக்குப் பார்த்த கடைக்குக் காலையும், மேற்குப் பார்த்த கடைக்கு மாலையும் உகந்த நேரம்.

வெள்ளைச் சரக்கும் கறுப்புச் சரக்கும்

மளிகைக் கடைக்காரர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று இது. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டே ஒளியைக் கணக்கிடுகிறது. அதனால் சர்க்கரை, ரவை, உப்பு, பச்சரிசி ஆகியவற்றைச் சட்டம் நிறைய எடுத்தால் அவை மங்கிச் சாம்பல் நிறமாக வரும். படத்தைப் பார்ப்பவர் பழைய சரக்கு என்று நினைத்துவிடுவார். மிளகு, கடுகு, தோல் உளுந்து ஆகியவை அதற்கு நேர்மாறாக வெளிறி வரும்.

இதைச் சரிசெய்ய, கூட்டல் கழித்தல் குறி போட்ட ஓர் அமைப்பு ஏறக்குறைய எல்லாக் கேமராக்களிலும் உண்டு. வெள்ளைச் சரக்குக்குக் கூட்டல் பக்கம் ⅔ அல்லது 1 வையுங்கள். கறுப்புச் சரக்குக்குக் கழித்தல் பக்கம் அதே அளவு வையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நிறம் மாறித் தெரிவதற்குக் காரணம் வெள்ளைச் சமன் என்ற அமைப்பு. வெயிலின் நிறம் வேறு, குண்டு பல்பின் நிறம் வேறு, டியூப் லைட்டின் நிறம் வேறு. அந்தந்த வெளிச்சத்துக்குரிய குறியைத் தேர்ந்தெடுத்தால் மஞ்சளும் மிளகாயும் உள்ள நிறத்திலேயே வரும். இரண்டு வகை வெளிச்சம் கலந்த இடத்தில் எந்த அமைப்பும் முழுப் பலன் தராது. ஏதேனும் ஒன்றை அணைத்துவிட்டு எடுப்பதே வழி.

பருப்பு, கிராம்பு, ஏலக்காய் போன்றவற்றைக் கிட்டத்தில் காட்ட, பூ வரைந்த குறியை அழுத்த வேண்டும். மேற்சொன்ன கேமராவில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். அப்போது ஜூம் செய்யக் கூடாது, பிளாஷும் கூடாது. ஒரு பக்கம் வாசல் வெளிச்சம், மறுபக்கம் ஒரு வெள்ளைத் தாள் நிறுத்தினால் நிழல் கறுப்பாக விழாது. பாலிதீன் பாக்கெட், எண்ணெய் டின் ஆகியவற்றைச் சற்றே சாய்வாக நின்று எடுத்தால் பளபளப்பு அடிக்காது.

சேதச் சரக்கும் சாட்சியும்

மூட்டை நனைந்து வந்தாலும், கிழிந்து வந்தாலும் இறக்குவதற்கு முன்பே மூன்று படம் எடுங்கள். முதலில் லாரியும் நம்பரும் தெரிய ஒன்று; அடுத்து சரக்கு அடுக்கியிருக்கும் நிலை தெரிய ஒன்று; கடைசியில் சேதமும் மூட்டையின் மார்க்கும் சேர்ந்து தெரிய ஒன்று. கேமராவின் தேதியும் மணியும் சரியாக இருக்க வேண்டும். செல்லை நெடுநாள் கழற்றி வைத்தால் தேதி மாறிவிடும் என்பதால் மாதம் ஒரு முறை சரிபார்ப்பது அவசியம்.

மூலப் படத்தைத் திருத்தாமல் கார்டிலிருந்து அப்படியே எடுத்து வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63-ஆவது பிரிவின்படி, இத்தகைய மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். விவகாரம் பெரிதாகும் என்று தோன்றினால் வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது.

எதைப் படம் எடுப்பது?

கேமரா கைக்கு வந்ததும் மலைக்கும் கடலுக்கும் போய்ப் படம் எடுக்க ஆசை வரும். போய் வரலாம். ஆனால் மலையையும் கடலையும் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் கடைவீதியை எடுக்க நம்மைத் தவிர யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் தகப்பனார் படம் ஒன்றே ஒன்று. அது ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் மண்டியில் நின்ற மனிதர், தராசு பிடித்து நிற்பதாக ஒரு படம்கூடக் கிடையாது. நம்மில் பல குடும்பங்களின் நிலை இதுதான். அக்காலத்தில் கேமரா எட்டாப் பொருள். இன்று அப்படிச் சொல்ல வழியில்லை.

1956-இல் மெட்ரிக் முறைக்குரிய எடை அளவுச் சட்டம் வந்த பிறகு படியும் மரக்காலும் வீசம்படியும் கடையை விட்டுப் போயின. பல கடைகளின் பரணில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு, சிட்டை குத்தும் கம்பி, கையால் எழுதிய பெயர்ப் பலகை, மரப்பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிச் சாத்தும் கடைக்கதவு ஆகியவை நம் கண் முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவோர், இடிப்பதற்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளும் புறமும் எடுத்து வைக்க வேண்டும்.

மூட்டை தூக்கும் தொழிலாளர், எடை போடுபவர், பல ஆண்டு கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளை ஆகியோரை மறக்க வேண்டாம். அவர்கள் சம்மதம் கேட்டு, வேலை செய்யும் நிலையிலேயே எடுங்கள். நேரே நின்று விறைப்பாகப் பார்ப்பதைவிடக் கை வேலையில் இருக்கும்போது முகம் இயல்பாக அமையும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அச்சிட்டு அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். சிறு செலவுதான், அவர்கள் வீட்டில் அது சுவரில் தொங்கும்.

பாதுகாப்பு

கேமராவுக்கு எதிரி தூசியும் ஈரமும். மிளகாய்த் தூள், மாவு, மஞ்சள் தூள் பறக்கும் இடத்தில் லென்ஸை நீட்டி வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துப் புட்டிகளிலும் புதுச் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்காது. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் பென்சில் செல்லைக் கழற்றிவிட வேண்டும்.

படங்கள் கார்டிலேயே இருக்கட்டும் என்று விடக் கூடாது. கணக்குக்கு நாள்வழியும் பேரேடும் வைப்பது போல், கம்ப்யூட்டரில் ஒரு நகல், தனியாக ஒரு டிஸ்க்கில் மறு நகல் வைக்க வேண்டும். அந்த டிஸ்க் கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும். தீயோ வெள்ளமோ ஒரே நேரத்தில் இரண்டையும் கொண்டுபோகாது. இரு நகலும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். ஆண்டு, மாதம், இடம் என்று பெயரிட்டு வைத்தால் தேடும் வேலை குறையும்.

முக்கியமான படங்கள் பத்தாவது ஆண்டுக்கு அச்சிட்டுக்கொள்ளுங்கள். பின்புறம் பென்சிலால் தேதியும், இடமிருந்து வலமாக நிற்பவர்கள் பெயரும் எழுதுங்கள். பெயர் எழுதாத படம் முப்பது ஆண்டில் யாரோ ஒருவர் படமாகிவிடுகிறது.

கேமரா ஏற்கெனவே வீட்டில் இருப்போர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையே தொடங்கலாம். வெயில் ஏறுமுன் கடையைத் திறந்து, வீட்டுப் பெரியவரை வாசலுக்கு உள்ளே நாலடியில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். பிளாஷை அணைத்து, அரிசிப் பைமீது கேமராவை வைத்து, பத்துப் படம் எடுங்கள். அதில் ஒன்று கட்டாயம் நன்றாக அமையும்.